வெறுந்தரையில் கிடக்கும் பிள்ளை

கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகியவர்கள் இந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்றால் முதலில் கண்ணில் படுவது ஒரு குறைதான்: வைக்கோல் இல்லை. தீவனத்தொட்டி மாட்டுக்கும் கழுதைக்கும் முன்னால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. பிள்ளை அதற்குள்ளும் இல்லை, தாய் மடியிலும் இல்லை. ஒரு முழத் துணிகூட விரிக்காத வெறுந்தரையில் அம்மணமாக மல்லாந்து கிடக்கிறது. உடம்பைச் சுற்றிப் பொன் ஊசிகள் போல ஒளி கிளம்புகிறது. தாய் சற்றுத் தள்ளி மண்டியிட்டிருக்கிறாள். அவள் விரல்கள் கீழ்நோக்கிக் குவிந்திருக்கின்றன. சுற்றிலும் சம்மனசுகள், சூசையப்பர், ஓடி வந்த மூச்சு அடங்காத இடையர்கள். இத்தனை பேர் கூடிய பிறப்பு வீட்டில் பிள்ளையைத் தூக்க ஒரு கை நீளவில்லை. நடுவே வட்டமாக ஒரு வெற்றிடம்.

ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் இதற்குப் ‘போர்த்தினாரி பீடப்படம்’ என்று பெயர். கென்ட் நகரத்தில் தொழில் செய்த ஹூகோ வான் டெர் கூஸ் 1470களின் நடுவில் வரைந்தது. நடுப்பலகையும் மடக்கக்கூடிய இரண்டு சிறகுகளும் சேர்ந்து, விரித்தால் உயரம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர், அகலம் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவர் ப்ரூஜ் நகரத்தில் மெதிச்சி வங்கியின் கிளையை நடத்திய தொம்மாசோ போர்த்தினாரி. சிறகுகளில் அவரும் மனைவி மரியாவும் மூன்று பிள்ளைகளும் முழங்காலில் நிற்கிறார்கள். படத்தின் காலத்தைக் கணிக்க அந்தப் பிள்ளைகள்தான் துணை. மார்கெரித்தா பிறந்தது 1471, அந்தோனியோ 1472, பிகெல்லோ 1474. கடைக்குட்டி பிகெல்லோவுக்கு மட்டும் பின்னால் பாதுகாவலர் புனிதர் இல்லை. பேச்சு முடிந்து வேலை தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளையாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்.

இந்தப் படம் என்ன சொல்கிறது என்பதில் கலை வரலாற்றாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். மறுமலர்ச்சிக் காலப் பக்திப் படங்களை வாசிக்கும் முறை எப்படியெல்லாம் மாறி வந்தது என்பதை அறிய இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. அந்த வாசிப்புகள் ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியோடுதான் அணுகுகிறேன்: பிள்ளை ஏன் தரையில் கிடக்கிறது?

இதற்கு நேரடியான விடை ஒன்று உண்டு. பழைய பைசாந்தியப் படங்களில் மரியா பேறுகாலத்துத் தாயைப் போலப் படுத்திருப்பாள். மருத்துவச்சிகள் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். பதுவா சிற்றாலயத்தில் ஜொத்தோ வரைந்ததிலும் அவள் படுத்தபடியேதான் பிள்ளையை ஏந்துகிறாள். 1372இல் ஸ்வீடன் நாட்டு விதவை பிரிஜித்தா பெத்லகேமுக்குத் திருயாத்திரை போனார். அங்கே தமக்குக் கிடைத்ததாக அவர் சொன்ன காட்சியில் வலியும் இல்லை, படுக்கையும் இல்லை. மரியா செருப்பைக் கழற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, முழங்காலில் நின்று செபிக்கிறாள். கண் இமைக்கும் நேரத்தில் பிள்ளை தரையில் கிடக்கிறது. அதன் ஒளியில் சூசையப்பர் கொண்டுவந்த மெழுகுவத்தியின் வெளிச்சம் ஒன்றுமில்லாமல் போகிறது. இந்தக் காட்சி பரவிய பிறகு ஐரோப்பாவெங்கும் பிறப்புக் காட்சியை வரையும் விதம் மாறியது. மருத்துவச்சிகள் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. ராபர்ட் காம்பின் வரைந்து இப்போது பிரான்சின் தீஜோனில் இருக்கும் படத்தில், கன்னி எப்படிப் பெறுவாள் என்று சந்தேகப்பட்டதால் கை சூம்பிப்போன மருத்துவச்சியும் இருக்கிறாள்.

ஆகவே வெறுந்தரையும் மண்டியிட்ட தாயும் ஹூகோவின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் பிரிஜித்தாவைப் பின்பற்றிய படங்களில் பெரும்பாலும் ஒரு இனிமை இருக்கும், தாய் முகத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி தெரியும். இங்கே மரியாவின் முகம் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் முகம். சம்மனசுகளும் சிரிக்கவில்லை. பிள்ளை எங்கிருந்து தரைக்கு வந்தது என்பது பிரிஜித்தாவைப் படித்தால் தெரியும். இந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேறு இடத்தில் தேட வேண்டும்.

எர்வின் பனோஃப்ஸ்கி 1953இல் வெளியிட்ட தொடக்ககால நெதர்லாந்து ஓவியம் பற்றிய நூல் அந்தத் தேடலுக்கு ஒரு வழி காட்டியது. அந்த ஓவியர்கள் கண்ணுக்குத் தெரியும் உலகத்தை அச்சு அசலாக வரைந்தார்கள். கூடவே அதில் இருக்கும் சாதாரணப் பொருள்களுக்குள் சமயப் பொருளை ஒளித்தும் வைத்தார்கள் என்பது அவர் வாதம். மாறுவேடக் குறியீடு என்று அதற்குப் பெயரிட்டார். இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எல்லாக் குறியீடும் மாறுவேடம் போட்டது அல்ல. இடது சிறகில் தோமையார் கையில் ஈட்டியோடு நிற்கிறார். பரங்கிமலை மரபைக் கேட்டு வளர்ந்த சென்னைக்காரருக்கு அந்த ஈட்டியை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் மணியோடு நிற்பவர் நம்மூரில் வனத்து அந்தோணியார் என்று சொல்கிறோமே, அவர். வலது சிறகில் தைலச் சிமிழோடு மகதலா மரியா. இவையெல்லாம் கழுத்தில் மாட்டிய பெயர்ப்பலகை போன்றவை. படிக்கத் தெரியாதவரும் படித்துவிடலாம். பனோஃப்ஸ்கி பேசியது பெயர்ப்பலகை இல்லாத பொருள்களைப் பற்றி.

அப்படிப்பட்ட பொருள்கள் இந்தப் படத்தின் முன்பக்கத்திலேயே, பார்ப்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தரையில் இரண்டு பூச்சாடிகள். ஒன்று ஸ்பானிய பாணி மண்சாடி. வெளிறிய மெருகின் மேல் கொடியும் இலையுமாக வேலைப்பாடு. அதில் செம்மஞ்சள் லீலி ஒன்று, வெள்ளை ஐரிஸ் இரண்டு, கருநீல ஐரிஸ் ஒன்று. இன்னொன்று சாதாரணக் கண்ணாடிக் குவளை. பாதிக்கு மேல் தண்ணீர். தண்டுகள் தண்ணீருக்குள் தெரிகின்றன. குவளையைத் துளைத்துக்கொண்டு வெளிச்சம் மறுபக்கம் போகிறது. அதில் தலைகுனிந்த கருநீலக் கொலம்பைன் பூக்கள் ஏழு, சிவப்புக் கார்னேஷன் மூன்று. தரையில் வயலெட் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன. சாடிகளுக்குப் பின்னால் ஒரு கோதுமைக் கட்டு.

1964இல் ராபர்ட் கோக் இந்தப் பூக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவரும் பிறகு வந்தவர்களும் கொடுத்த அகராதியைச் சுருக்கினால் இப்படி வரும். சிவந்த லீலி சிந்தப்போகும் இரத்தம். ஐரிஸின் இலை வாள் போல இருப்பதால் மரியாவின் நெஞ்சை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்ன தீர்க்கதரிசனம். கொலம்பைன் என்ற பெயரில் புறாவைக் குறிக்கும் லத்தீன் சொல் இருப்பதால் தூய ஆவி. பூக்கள் ஏழு என்பதால் ஆவியின் ஏழு கொடைகள். பிரெஞ்சில் அந்தப் பூவின் பெயர் துயரத்தைக் குறிக்கும் சொல்லோடு எதுகை போடுவதால் மாதாவின் வியாகுலமும் கூட. கார்னேஷனுக்கு நெதர்லாந்து மொழியில் ‘ஆணிப்பூ’ என்றும் ஒரு பெயர் உண்டு. மூன்று பூக்கள் சிலுவையின் மூன்று ஆணிகள். வயலெட் தாழ்ச்சி. பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு, ஆகவே கோதுமை, அதுவே நற்கருணையும். உடையாமல் ஒளியை உள்ளே விடும் குவளை, கன்னிமை குலையாத பிறப்பு.

இந்தப் பட்டியலில் பெரும்பகுதியை நான் நம்புகிறேன். கோடைப்பூவும் வசந்தப்பூவும் ஒரு மாட்டுத்தொழுவத்தின் மண்தரையில் மார்கழிக் குளிரில் தற்செயலாக வந்து உட்காராது. தொல்லை என்னவென்றால் அகராதிக்கு நிறுத்தம் கிடையாது. சூசையப்பர் கழற்றி வைத்த மரக்கட்டைச் செருப்பு எரியும் முட்செடிக்கு முன் மோசே கழற்றிய செருப்பு. சரி, அது பொருந்துகிறது. பின்னால் உள்ள மாளிகையின் வாசலுக்கு மேல் செதுக்கிய யாழ் தாவீதின் குலத்தைச் சொல்கிறது, அதுவும் பொருந்துகிறது. தடித்த தூண், பிற்பாடு கிறிஸ்துவைக் கட்டி அடித்த கற்றூணா, அல்லது பேறுகால நேரத்தில் மரியா சாய்ந்திருந்ததாகப் பழைய தியான நூல் சொல்லும் தூணா? இரண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. எல்லாவற்றுக்கும் இரண்டும் என்று சொல்லத் தொடங்கினால் வாசிப்பு வெறும் சேகரிப்பாகிவிடும். எங்கே நிறுத்துவது என்ற கேள்வியைப் பனோஃப்ஸ்கியே கேட்டார். வரலாற்று முறையும் கொஞ்சம் பொதுப்புத்தியும் தவிர வேறு மருந்து இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். அவர் சீடர்கள் எல்லாரிடமும் அந்தப் பொதுப்புத்தி இருந்ததாகச் சொல்ல முடியாது. யான் பாப்டிஸ்ட் பெடோ போன்ற பிற்கால ஆய்வாளர்கள் மாறுவேடம் என்ற கருத்தையே மறுத்தார்கள். அக்காலத்து மனிதருக்கு எது வெளிப்படையாகத் தெரிந்ததோ அதை நாம் ஒளித்து வைத்ததாகச் சொல்கிறோம். நமக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிற்று என்பது அவர்கள் பக்கம்.

பூ அகராதி வருவதற்கு ஓராண்டு முன்பு, 1963இல், எம். பி. மக்நமீ வேறொன்றைக் கவனித்தார். என் கணக்கில் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதுதான் மிகக் கூர்மையானது. சம்மனசுகள் எல்லாரும் கோயில் உடுப்பில் இருக்கிறார்கள். சாதாரண வெள்ளை அங்கி, திருத்தொண்டர் அணியும் மேலுடுப்பு, பொன்னிழை வேய்ந்த கனத்த போர்வை. ஒரு போர்வையின் ஓரத்தில் ‘சாங்துஸ்’ என்ற சொல் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருக்கிறது. பூசையில் நாம் ‘தூயவர், தூயவர், தூயவர்’ என்று பாடும் இடம். ஆனால் பலி ஒப்புக்கொடுக்கும் குருவானவர் மட்டுமே அணியும் மேலாடை எந்தச் சம்மனசின் தோளிலும் இல்லை. பாட்டுப் பூசைக்கு வேண்டிய உதவியாளர்கள் அத்தனை பேரும் வந்தாயிற்று, குருவானவரைக் காணோம். தரையில் கிடக்கும் பிள்ளைதான் குருவானவர், பலிப்பொருளும் அதுவே. உலகத்தின் முதல் பூசை இது.

இதைச் சொன்னதும் நடுவில் இருக்கும் வெற்றிடம் புரிந்துவிடுகிறது. இந்தப் படம் பீடத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டது. பூசை நேரத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி இதைப் பார்த்தபடி நிற்பார். நடுப்பூசையில் அவர் அப்பத்தை இரு கைகளாலும் உயர்த்தும்போது, கீழே நிற்பவர்கள் கண்ணுக்கு அந்த வெள்ளை வட்டம் படத்தின் முன்னால் எழும். பீடப்படத்தைப் பீடத்திலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது என்று பார்பரா லேன் 1984இல் ஒரு நூல் முழுக்க வாதாடினார். பிள்ளையை யாரும் தொடாததற்குக் காரணம் பாசமின்மை அல்ல. பீடத்தின் மேல் இருப்பதைக் கண்டவர் தொட முடியாது. ஒற்றைப் பூவின் பெயரை விட்டுவிட்டாலும் இந்த வாசிப்பு நிற்கும். அதனால்தான் அகராதி வாசிப்பைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

1960இல் வந்த இன்னொரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் விட முடியாது. மாட்டின் தலைக்கு அருகே இருளுக்குள், கவனித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு விகாரமான உருவம் பதுங்கியிருப்பதாக ராபர்ட் வாக்கர் எழுதினார். அது பிசாசு என்றார். சுவையான செய்திதான். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டால் படத்தின் போக்கில் பெரிய மாற்றம் இல்லை.

அறுபதுகளின் ஆய்வாளர்கள் பீடம் வரை வந்தார்கள்; அந்தப் பீடம் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று பெரிதாக யோசிக்கவில்லை. படம் போய்ச் சேர்ந்த இடம் சாந்த் எஜிதியோ கோயில். அது தனிக்கோயில் அல்ல. சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் கோயில். மருத்துவமனையை 1288இல் நிறுவியவர் ஃபோல்கோ போர்த்தினாரி, தொம்மாசோவின் முன்னோர், தாந்தே பாடிய பெயாத்ரிசேயின் தகப்பனார் என்று கருதப்படுபவர். இன்றும் அது மருத்துவமனையாகவே நடக்கிறது. லியனார்டோ தா வின்சி பணம் போட்டு வைத்திருந்ததும், சாகும் தறுவாயில் இருந்த ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு அவர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்ததும் இங்கேதான். கோயிலின் சுவர்களில் தொமேனிகோ வெனெத்சியானோவும் பிறகு கஸ்தாஞ்ஞோவும் பால்தொவிநெத்தியும் மரியாவின் வாழ்க்கையைச் சுவரோவியங்களாக வரைந்திருந்தார்கள். அவை அழிந்துபோயின. ஆக நாம் பார்ப்பது ஒரு பெரிய பேச்சில் மிஞ்சிய ஒற்றை வாக்கியத்தை.

மருத்துவமனை என்று தெரிந்ததும் பூச்சாடி வேறு முகம் காட்டுகிறது. அந்த மண்சாடிக்கு இத்தாலியில் அல்பரெல்லோ என்று பெயர். அது பூச்சாடியே அல்ல, மருந்துக்கடையில் களிம்பும் சூரணமும் போட்டு வைக்கும் சாடி. ஐரிஸ் கிழங்கும் வயலெட்டும் மருந்துச் சரக்குகள். 1995இல் ஜூலியா மில்லர் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு, இது அற்புதப் பேறுகாலத்தைப் பற்றிய படம் என்று வாதிட்டார். வலது சிறகில்தான் அவருக்குப் பெரிய சான்று. முறைப்படி தாய் மரியாவுக்குப் பின்னால் மகதலா மரியாவும், மகள் மார்கெரித்தாவுக்குப் பின்னால் புனித மார்கரீத்தும் நிற்க வேண்டும். இங்கே இடம் மாறியிருக்கிறது. தாய்க்குப் பின்னால் மார்கரீத் நிற்கிறாள். வலுசர்ப்பம் விழுங்கியும் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தவள் என்பதால் பிள்ளை பெறும் பெண்கள் கூப்பிடும் புனிதை அவள். ஐந்து ஆண்டுக்குள் மூன்று பிள்ளை பெற்ற, இன்னும் பெறப்போகிற ஓர் இளம்பெண்ணுக்குப் பின்னால் யாரை நிறுத்துவது என்று யாரோ யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள்.

பூக்களை நேரடி மருந்துக்குறிப்பாக எடுத்துக்கொள்பவர்களோடு மட்டும் எனக்கு ஒரு தயக்கம். கொலம்பைன் விதையைத் திராட்சை ரசத்தில் கொடுத்தால் சீக்கிரம் பிரசவமாகும் என்று கல்பெப்பரின் ஆங்கில மூலிகை நூல் சொல்வது உண்மைதான். அந்த நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இருநூறு ஆண்டு பிந்திய புத்தகத்தைக் கொண்டு ஹூகோவின் குவளையைத் திறக்கக் கூடாது. ஆனால் மருந்துச்சாடி மருந்துச்சாடிதான். நோயாளிகளுக்கு நடுவே நாள் முழுக்க அதைக் கையில் எடுத்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

படம் இந்த இடத்துக்கு வந்த கதை மருத்துவமனை ஆவணங்களில் இருக்கிறது. 1968இல் அதை வெளியிட்டார்கள். கப்பலில் சிசிலி போய், பீசா வழியாக ஆர்னோ ஆற்றில் ஏறி, 1483 மே 28 அன்று ஃப்ளாரன்ஸின் சான் ஃப்ரெதியானோ வாசலை அடைந்தது. அங்கிருந்து பதினாறு சுமைகூலிகள் சேர்ந்து தூக்கிப் போனார்கள். ஹூகோ அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். தம் படம் இத்தாலியில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது.

அது செய்ததை இரண்டே ஆண்டில் பார்க்கலாம். 1485இல் தொமேனிகோ கிர்லந்தாயோ சாந்தா திரினித்தா கோயிலில் பிரான்செஸ்கோ சசெத்திக்காக இடையர்கள் வணங்கும் காட்சியை வரைந்தார். சசெத்தி மெதிச்சி வங்கியின் தலைமை மேலாளர், தொம்மாசோவுக்கு மேலதிகாரி. அந்த இடையர்கள் அப்படியே ஹூகோவிடமிருந்து வந்தவர்கள். ஆனால் ஹூகோவின் மூன்று இடையர்களைப் பாருங்கள். ஒருவர் கைகூப்பத் தொடங்கியிருக்கிறார்; உள்ளங்கைகள் இன்னும் ஒட்டவில்லை. பின்னால் நிற்பவர் வாய் திறந்தபடி கழுத்தை எட்டி நீட்டிப் பார்க்கிறார், பல்வரிசை ஓட்டை. வெயிலில் காய்ந்த தோல், காய்த்துப்போன கை. ஒழுங்காக நிற்கத் தெரியாமல் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே விழுகிறார்கள். கிர்லந்தாயோவின் இடையர்கள் குளித்துவிட்டு வந்தவர்கள். அதில் பிள்ளையைச் சுட்டிக்காட்டுபவர் ஓவியரேதான் என்பார்கள். தீவனத்தொட்டிக்குப் பதில் அழகாகச் செதுக்கிய ரோமானியக் கல்சவப்பெட்டி. நல்ல படம். ஆனால் அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஹூகோவின் படத்தில் சமயப் பொருள் முழுவதும் சம்மனசுகளின் உடுப்பில் இருக்கிறது. ஆச்சரியம் முழுவதும் இடையர்களின் கைகளில். மருத்துவமனையில் இந்தப் படத்தின் முன் முழங்காலிட்டவர்களின் கைகளும் அதே தரத்தைச் சேர்ந்தவைதான். அவர்களுக்காகவே இந்த இடையர்கள் இவ்வளவு பெரிய அளவில், முன்னால் மண்டியிட்ட சம்மனசுகளைவிடப் பெரியவர்களாக வரையப்பட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னும் ஒரு வாசிப்பு உண்டு. ஒதுக்கி வைக்க வேண்டியது. ஹூகோ தொழிலில் உச்சத்தில் இருந்தபோது பிரசல்ஸுக்கு அருகே ரோட் க்லோஸ்டர் மடத்தில் சகோதரராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கழித்துப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் மனம் பேதலித்து, தாம் நரகத்துக்குத் தீர்க்கப்பட்டுவிட்டதாகப் புலம்பினார். சவுல் அரசனுக்குத் தாவீது செய்ததுபோல இசையால் அவரைத் தேற்றப் பார்த்ததாக உடன் இருந்த துறவி காஸ்பர் ஓஃபைஸ் எழுதி வைத்திருக்கிறார். 1872இல் எமில் வாட்டர்ஸ் அந்தக் காட்சியை வரைந்தார். வின்சென்ட் வான் கோ தம் முகத்தை அந்தப் படத்தில் கண்டதாகக் கடிதங்களில் எழுதினார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மரியாவின் துயரத்தை ஓவியரின் நோய் என்று சொல்வோர் இன்றும் உண்டு. நோய் வந்தது படம் முடிந்த பிறகு. அதற்கு மேல், மரியாவின் முகத்துக்கு வேண்டிய காரணம் அத்தனையும் பீடத்திலேயே இருக்கிறது. ஓவியரின் படுக்கையறையில் போய்த் தேடுவது எதற்கு?

பணம் கொடுத்தவரின் முகத்தைத் தேடுவது அதைவிடப் பயனுள்ளது. தொம்மாசோ தம்மை வரையச் சொல்வதில் ஆசைப்பட்டவர். ஹான்ஸ் மெம்லிங் அவரையும் மனைவியையும் தனித்தனிப் படமாக வரைந்தார். தொம்மாசோவுக்கு முன் அதே கிளையை நடத்திய ஆஞ்செலோ தானிக்காக மெம்லிங் வரைந்த கடைசித் தீர்ப்புப் படத்தில், அதிதூதர் மிக்கேலின் தராசில் பாரமான தட்டில் முழங்காலிட்டிருப்பவரும் தொம்மாசோதான் என்பார்கள். 1473இல் அந்தப் படம் ஏறிவந்த கப்பலை டான்சிக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். படம் இன்றும் அந்த ஊரிலேயே இருக்கிறது. பர்கண்டி கோமகன் சார்லஸுக்குக் கொடுத்த கடன்கள் 1477இல் அவர் போர்க்களத்தில் விழுந்ததும் மூழ்கின. ப்ரூஜ் கிளை நொடித்தது. லொரென்சோ மெதிச்சி உறவை முறித்துக்கொண்டார். ஆக 1483இல் பதினாறு பேர் தூக்கி வந்து பீடத்தில் ஏற்றிய படம், அதை வரையச் சொன்ன காலத்துத் தொம்மாசோவின் படம். அப்போது அவரிடம் பணம் இருந்தது.

1501இல் தொம்மாசோ ஃப்ளாரன்ஸில் இறந்தார், குடும்பத்து முன்னோர் கட்டிய அதே சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில். கோயில் பீடத்தில் அவர் ஏறக்குறைய கால் நூற்றாண்டு இளையவராக, இடது சிறகில் முழங்காலிட்டுத் தரையில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.